மயக்க மருந்தும் மனத்தெளிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவது மரபு. அவற்றுக்கிடையே நோய், அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து என்று பேச முன்வந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். பத்தாம் வகுப்பு வரை பயின்று, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எங்களுக்கு மருத்துவம் பேச என்ன தகுதி உண்டு என்ற வினாவும் எழலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். எங்கள் தம்பி பதினோராண்டுகளாக 'மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நரம்பு நோயோடு எங்கள் இல்லத்தில் வாழ்ந்து வருகிறான். சென்ற ஆண்டு அவனுக்குக் குடலிறக்கத்துக்காக அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. எவ்வகை மயக்கம் கொடுப்பது என்ற கேள்வி எங்கள் குடும்பத்தின் முன் மலை போல் நின்றது. அதன்பின் நம் காலனியில் மேலும் இரண்டு குடும்பங்கள் இதே கேள்வியோடு எங்களை நாடி வந்தன. ஆகவே, நாங்கள் கேட்டறிந்தவற்றைச் சபையிலேயே சொல்லிவிடுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அப்பணிப்பை ஏற்றுப் பேசுகிறோம்.

முதலில் இந்நோய் இன்னதென்று சுருக்கமாக அறிந்துகொள்வோம். சிக்னல் கேபிளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உள்ளே செம்புக் கம்பி, அதன்மேல் காப்புறை. உறை கிழிந்தால் கம்பி அறுபடாவிட்டாலும் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேராது. நம் நரம்புகளுக்கும் அத்தகைய உறை ஒன்று உண்டு. அதனை மயலின் என்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ணரம்பிலும் உள்ள இவ்வுறையை அரித்துவிடுவதுதான் இந்நோய். 1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ழான் மார்த்தேன் ஷார்கோ என்னும் பேரறிஞர் இதனைத் தனி நோயாக விரித்துரைத்தார். இது பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் தோன்றுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. பார்வை மங்குதல், கால் தளர்தல், உடல் மரத்தல், தசை இறுகி இழுத்தல், சிறுநீரை அடக்க இயலாமை, காரணமற்ற அயர்வு ஆகியன இதன் அடையாளங்கள். இது தொற்று நோயன்று, முன்வினைப் பயனுமன்று. பலருக்கு இந்நோய் திடீரென்று பொங்கிப் பின்னர் தணியும். அவ்வாறு பொங்குவதை மீள்தாக்கம் என்போம்.

இந்நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை என்றதும் குடும்பத்தார் நெஞ்சில் எழும் அச்சம் ஒன்றே: "மயக்க மருந்தால் மீள்தாக்கம் வந்துவிடுமோ? இருக்கின்ற நடையும் போய்விடுமோ?" இவ்வச்சத்தை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் அச்சத்தின் கையில் முடிவை ஒப்படைக்கவும் கூடாது.

மயக்க மருந்தைப் பற்றிய அச்சமும் ஆராய்ச்சியும் புதியன அல்ல. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து, பலர் முன்னிலையில் நோவின்றி அறுவைச் சிகிச்சை நடைபெறச் செய்தார். அடுத்த ஆண்டே குளோரோஃபாரம் வந்தது. அது பாதுகாப்பானதா என்ற வழக்கு உலகெங்கும் எழுந்தபோது, நமக்கு அண்டையிலுள்ள ஐதராபாத்தில் நிஜாமின் பொருளுதவியோடு 1888-லும் 1889-லும் இரு ஆய்வுக் குழுக்கள் அமர்ந்து சோதனைகள் செய்தன. அக்குழுக்கள் கண்ட முடிவைப் பின்னர் வந்த ஆராய்ச்சி திருத்தியது. மருத்துவ அறிவு இப்படித்தான் வளர்கிறது: முன்னோர் கூற்றைப் பின்னோர் சோதிக்கின்றனர். நம் குடும்பங்களில் மட்டும், என்றோ எவரோ சொன்ன சொல்லைச் சோதிக்காமலே சுமந்து திரிகிறோம்!

இனி மயக்க முறைகளைப் பார்ப்போம். இரயில்வேக் குடும்பங்களுக்கு இதனை விளக்குவது எளிது. பாதையில் பழுது பார்க்க வேண்டுமானால் 'பிளாக்' எடுக்கிறோம் அல்லவா? மயக்க மருத்துவர்களும் நரம்பை மரக்கச் செய்வதை 'பிளாக்' என்றே வழங்குகிறார்கள். சிறிய வேலையென்றால் ஒரு தண்டவாளத்தை மட்டும் அடைக்கிறோம். பெரிய வேலையென்றால் இரண்டு நிலையங்களுக்கிடையே உள்ள பகுதி முழுவதையும் அடைக்கிறோம். மிகப் பெரிய வேலையென்றால் நிலையத்தையே நிறுத்திவைக்கிறோம். மருத்துவமும் அவ்வாறே.

முதல் வகை, வெட்டும் இடத்தை மட்டும் ஊசியால் மரக்கச் செய்வது. நோயாளி விழித்திருப்பார். ஒரு கையையோ காலையோ மட்டும் மரக்கச் செய்யும் நரம்பு பிளாக்கும் இதன் உறவே. மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தாக்குவது மூளையையும் தண்டுவடத்தையும். இவ்வூசிகள் தொடுவதோ அவற்றுக்குப் புறத்தேயுள்ள நரம்புகளை. ஆதலின் இம்முறை பொதுவாக ஏற்றதென்றே மருத்துவர்கள் கருதுகின்றனர்.

இரண்டாவது வகை முதுகு ஊசி. இதில் இரண்டு பிரிவுகள் உண்டு; இவற்றைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். ஸ்பைனல் என்பதில், தண்டுவடத்தைச் சூழ்ந்த உறையைத் துளைத்து உள்ளிருக்கும் நீரிலேயே மருந்தைச் செலுத்துகிறார்கள். 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்னும் மருத்துவர் இதனைத் தொடங்கி வைத்தார். இம்முறையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்க்க முனைந்து, பல நாள் தலைவலியோடு படுத்திருந்தவர் அவர்! எபிடூரல் என்பதில், உறைக்கு வெளியே மெல்லிய குழாயை வைத்து மருந்தைச் சிறிது சிறிதாக விடுகிறார்கள். இதில் தண்டுவட நீரைச் சென்றடையும் மருந்தின் செறிவு குறைவு.

உறையிழந்த நரம்பின்மேல் மருந்து நேரே பட்டால் தீங்கு விளையுமோ என்ற ஐயத்தால் ஸ்பைனல் ஊசியை மருத்துவர்கள் நெடுங்காலம் தவிர்த்து வந்தனர். எபிடூரல் அதனினும் மேல் என்ற எண்ணம் பிறந்ததும் இதனாலேதான். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவின் 12 நாடுகளைச் சேர்ந்த, இந்நோயுள்ள 254 பெண்களை மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். கருவுற்றிருந்த இறுதி மூன்று மாதங்களில் மீள்தாக்கம் குறைந்தது; மகவு பிறந்த முதல் மூன்று மாதங்களில் மிகுந்தது. ஆனால் எபிடூரல் பெற்றதனால் மீள்தாக்கம் கூடவில்லை, ஊனமும் கூடவில்லை. மகப்பேற்றுக்குப்பின் வந்த தாக்கத்தை முதுகு ஊசியின் தலையில் சுமத்துவது எவ்வளவு எளிது என்பதையும் இதனால் உணரலாம். இன்று ஸ்பைனல் ஊசியும் முற்றிலும் விலக்கப்பட்டதன்று. நன்மை தீமைகளை எடைபோட்டு, இயன்றவரை குறைந்த அளவில் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது வகை முழு மயக்கம். இது நோயைப் பொங்கச் செய்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஆயினும் மருத்துவர் கருத்தில் கொள்ள வேண்டியன சில உண்டு. நெடுநாள் நடமாட்டமின்றித் தளர்ந்த தசையுடையவருக்குச் சக்சினைல்கோலின் என்னும் தசை தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால், குருதியில் பொட்டாசியம் திடீரென உயர்ந்து இதயத்தைத் தாக்கக்கூடும். ஆகவே அத்தகையோருக்கு அதனை விலக்கி வேறு மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். மூச்சுத் தசை தளர்ந்தவரும் விழுங்க இடர்ப்படுபவரும் மயக்கம் தெளிந்த பின்னும் சில மணி நேரம் கூர்ந்து கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

மூன்று வகைகளையும் கேட்டீர்கள். "எது சிறந்தது?" என்று வினவுகிறீர்கள். இந்நோயுள்ளவர்க்கு எல்லாக் காலத்திலும் சிறந்தது என்று ஒன்று இல்லை. முற்றிலும் ஆகாதது என்றும் ஒன்று இல்லை. அறுவை எந்த இடத்தில், எவ்வளவு நேரம், நோயாளியின் மூச்சு எப்படி, விழுங்குதல் எப்படி, குருதி அழுத்தம் எப்படி, அவர் மனம் எதை விரும்புகிறது என்பவையே முடிவு செய்கின்றன.

எங்கள் இல்லத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். குடலிறக்கத்துக்கு இம்மூன்று முறைகளில் எதனாலும் அறுவை செய்யலாம். அதுவே எங்களுக்குத் தொல்லையாயிற்று! எங்கள் அன்னையார், "முதுகுத் தண்டிலே ஊசி குத்தினால் பிள்ளையின் கால் அடியோடு விழுந்துவிடும்" என்று கண்ணீர் விட்டார்கள். திருச்சியிலிருந்து தாய்மாமன், "மூளை சம்பந்தப்பட்ட வியாதி, முழு மயக்கம் கொடுத்தால் தெளியாது" என்று தொலைபேசியில் எச்சரித்தார். அடுத்த குவார்ட்டர்ஸ் நண்பரோ, "இடத்தை மட்டும் மரக்க வைத்தால் போதுமே" என்றார். மூவரும் அன்பினால் பேசினார்கள். ஆனால் மூவரில் ஒருவரும் தம்பியிடம் அவன் விருப்பத்தைக் கேட்கவில்லை.

அறுவைக்கு மூன்று வாரம் முன்னதாகவே மயக்க மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்று விண்ணப்பித்தோம். அவர் ஒரு மராத்தியப் பெண்மணி. முதல் நாளே ஒரு வேடிக்கை. மராத்தியில் மயக்கம் கொடுப்பதற்கு வழங்கும் சொல், இந்தியில் 'தவறு' என்று பொருள்படும். அரைகுறை இந்தி அறிந்த எங்கள் அன்னையார், செவிலி அச்சொல்லை உரைக்கக் கேட்டு, "தவறு செய்யப் போகிறோம் என்று அவர்களே சொல்கிறார்களடா!" என்று பதறினார்கள். மருத்துவர் சிரித்து, அன்னையாரின் கையைப் பற்றி அமர வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

பின்னர் அவர் தம்பியின் மூச்சையும் விழுங்குதலையும் சோதித்தார். இரண்டும் நன்றாக இருந்தன. இரு கால்களின் வலிமையையும் உணர்ச்சியையும் சோதித்துத் தாளில் குறித்துக்கொண்டார். நாங்கள் பார்சலை ஏற்குமுன் எடைபோட்டு, கட்டின் நிலையைக் குறித்துக்கொள்வதில்லையா? அதுபோலத்தான். முன்னிலை எழுத்தில் இருந்தால்தான் பின்னிலையை ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

அவர் மூன்று வழிகளையும் தம்பியிடமே எடுத்துரைத்தார். இடத்தை மரக்கச் செய்தல் நல்ல வழியே. ஆனால் அவனுடைய கால்கள் திடீர் திடீரென்று இறுகி இழுப்பவை. விழித்திருந்தபடி அசையாமல் படுத்திருப்பது அவனுக்குக் கடினம். ஸ்பைனல் கொடுத்தால் அவ்விழுப்பு அடங்கும். மூச்சு பலவீனமாக இருந்திருந்தால் அதனையே முதலில் எண்ணியிருப்பார். மூச்சு நன்றாக இருப்பதால் முழு மயக்கமும் ஏற்றதே, சக்சினைல்கோலினை விலக்கிவிடலாம். இவ்வளவும் சொல்லி, "உமக்கு எது மன அமைதி தரும்?" என்று கேட்டார். தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதுகு ஊசி போட்டுக்கொண்டு, பின்னால் என் கால் தளரும்போதெல்லாம் அந்த ஊசியையே எண்ணிக்கொண்டிருப்பேன். என்னைத் தூங்க வைத்துவிடுங்கள்" என்றான். அவ்வாறே முடிவாயிற்று. வேறொருவர் வேறு முடிவெடுத்திருந்தால் அதுவும் சரியே.

மயக்க முறையைப் பற்றிக் கவலைப்படும் நாம், அதனினும் முதன்மையான சிலவற்றை மறந்துவிடுகிறோம். அவற்றை இங்கே வலியுறுத்த விரும்புகிறோம்.

முதலாவது, உடற்சூடு. 1890-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் உட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடற்பயிற்சிக்குப் பின் இந்நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்குவதைக் கண்டு எழுதினார். உடற்சூடு ஏறுவதே காரணமென்று பின்னர் தெளிவாயிற்று. உறையிழந்த நரம்பு, சூடு அரை டிகிரி, ஒரு டிகிரி உயர்ந்தாலும் செய்தியைக் கடத்தத் தவறும். சூடு தணிந்தால் மீண்டும் கடத்தும். நாகபுரியின் மே மாத வெயிலை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை! தம்பியின் குடலிறக்கம் காத்திருக்கக்கூடிய நிலையில் இருந்ததால், மருத்துவரைக் கேட்டு அறுவையை மார்கழிக்கு வைத்துக்கொண்டோம். அறுவை நேரம் முழுவதும் அவன் உடற்சூட்டை அளந்துகொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது, மருந்துகள். தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் உண்பவர்கள் அதனைத் திடீரென நிறுத்தலாகாது. நிறுத்தினால் கடும் இழுப்பும் மனக்குழப்பமும் வலிப்பும் நேரக்கூடும். "நாளைக்கு ஆப்பரேஷன், இன்றே மாத்திரையெல்லாம் நிறுத்து" என்று வீட்டார் தாமாகக் கட்டளையிடுவது பேராபத்து. நெடுநாள் ஸ்டிராய்டு உண்டவர் அதனைச் சொல்லியாக வேண்டும். அறுவையின்போது கூடுதலாகத் தேவைப்படலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை எப்போது எடுப்பது, எப்போது தள்ளிவைப்பது என்பதை நரம்பியல் மருத்துவரே சொல்ல வேண்டும். இதயத் துடிப்பை மெதுவாக்கும் ஃபிங்கோலிமாட் போன்றவற்றை மயக்க மருத்துவர் அறியாமல் இருக்கக் கூடாது.

மூன்றாவது, தொற்று. சிறுநீர்த் தொல்லையுள்ள இந்நோயாளிகளுக்கு அங்கே கிருமி தங்குவது எளிது. அறுவைக்கு முன்பே சிறுநீரைச் சோதித்தல் நலம்.

இதில் எங்களுக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்கிறோம். முன்சோதனையில் ஒன்றும் இல்லை. அறுவையும் செவ்வையாக முடிந்தது. ஆனால் மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அன்று மாலை கட்டிலைவிட்டு எழ முயன்றவனால் கால் ஊன்ற முடியவில்லை. வீடு முழுவதும் அழுகுரல். "அன்றே சொன்னேனே, மயக்க மருந்து வேலையைக் காட்டிவிட்டது" என்று திருச்சியிலிருந்து குரல். மருத்துவர் வந்தார், தாளில் குறித்திருந்ததைப் பார்த்தார், சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். தொற்று இருந்தது. "இது புதிய தாக்கம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல் இறங்கட்டும்" என்றார். காய்ச்சலுக்கும் கிருமிக்கும் மருந்து கொடுத்தார்கள். நான்கு நாளில் காய்ச்சல் நின்றது. அதனோடு கால்களின் பழைய வலிமையும் மெல்லத் திரும்பியது. பத்தாம் நாள் வழக்கமான கைத்தடியோடு தாழ்வாரத்தில் நடந்தான். காய்ச்சலை விட்டுவிட்டு மயக்க மருந்தோடு வழக்காடிக்கொண்டிருந்தால் நாள்களை வீணாக்கியிருப்போம்.

பெரியோர்களே! தாய்மொழி வழங்கும் ஊரிலிருந்து தொலைவில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. மதமதப்பு, குடைச்சல், இழுப்பு என்று நாம் தமிழில் நுட்பமாகச் சொல்வதெல்லாம் மருத்துவரிடம் போனதும் 'வலி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. மரத்துப் போதலை இந்தியில் 'சுன்ன்' என்பர். எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியை 'ஜுன்ஜுனி' என்பர். இறுக்கத்தை 'அகடன்' என்பர். மூன்றும் வெவ்வேறு. ஒரு தாளில் நோய் தொடங்கிய ஆண்டு, கடைசித் தாக்கம் வந்த மாதம், உண்ணும் மருந்துகளும் அளவும், மூச்சு, விழுங்குதல், சிறுநீர், பார்வை ஆகியவற்றின் நிலை, முன்பு பெற்ற மயக்க முறை என்பவற்றை எழுதி, நம் பிள்ளைகளைக் கொண்டு இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் சங்கத்தின் கல்லூரி மாணவர்கள் இப்பணியைச் செய்யலாமே!

இந்நோயாளர்க்கென்று 1985-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் குறிக்கும் 21 வகைகளுள் இந்நோயையும் சேர்த்துள்ளது. நோயை மறைத்து வைக்கும் வீடுகள் இந்த உதவிகளையும் இழக்கின்றன. திருமணப் பேச்சுக்குத் தடையாகுமென்று மறைத்த நோயை, அறுவை மேசையில் மருத்துவரிடமும் மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

முடிவாக ஒன்று. அறுவை அறைக்குள் போகிறவர் தனியாகத்தான் போகிறார்; தாயும் மாமனும் தமையனும் கதவோரத்தில் நின்றுவிடுகிறோம். உள்ளே போகிறவர் அஞ்சாமல் போக வேண்டுமானால், முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். அம்முடிவுக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தருவதும், மருத்துவரிடம் உண்மையை முழுமையாக உரைப்பதும், பின்னர் காய்ச்சல் வருகிறதா என்று கண்விழித்துக் காப்பதும் நம் பங்கு. இம்மூன்றையும் நம் காலனியில் ஒவ்வொரு குடும்பமும் மற்றொரு குடும்பத்துக்குச் செய்து கொடுக்குமானால், சங்கம் என்ற சொல்லுக்கு அதைவிடச் சிறந்த பொருள் வேண்டியதில்லை.